குற்றம் கையிலா, பிளேடிலா?

கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், போட்டோ பிரேம் தயாரிக்கும் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது இது. மர வேலை செய்கிற குழுக்களுக்கு உதவும் என்று உறுப்பினர்கள் பலர் கேட்டதால் முழுவதையும் தருகிறோம். அவர் பேசிய விதத்தை அதிகம் மாற்றவில்லை.



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. "உங்க குழு அனுபவத்தைச் சொல்லுங்க" என்று தலைவி கேட்டபோது, லாபம் வந்த கதையைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "லாபக் கதை எல்லாரும் சொல்றாங்கம்மா. நீங்க நஷ்டப்பட்ட கதையைச் சொல்லுங்க. அதுதான் மத்தவங்களுக்கு உதவும்" என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நஷ்டக் கதையோடுதான் ஆரம்பிக்கிறேன்.

மரம் அறுக்கிற பிளேடைப் பற்றித்தான் பேசப் போகிறேன். "நாங்க ஊறுகாய் போடுறோம், எங்களுக்கு எதுக்கு பிளேடு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒரு பிளேடு தப்பாக வாங்கியதால் எங்கள் குழுவில் ஒரு உறுப்பினரையே இழக்கப் பார்த்தோம். அந்தத் தப்பு எந்தக் குழுவிலும் நடக்கலாம்.

எங்கள் குழுவும் மிஷினும்

நாங்கள் 12 பேர். சாமி படம், கல்யாணப் படம், பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மரச் சட்டம் போட்டுக் கொடுக்கிறோம். முதலில் கை ரம்பத்தை வைத்து, மரப்பெட்டி போல் இருக்கிற மைட்டர் பாக்ஸில் சட்டத்தை வைத்து அறுத்தோம். ஒரு நாளைக்குப் பத்துப் பிரேம் தாண்டாது. தோள்பட்டை விட்டுப் போகும்.

பிறகு வங்கிக் கடன் வாங்கி ஒரு மைட்டர் சா மிஷின் வாங்கினோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வட்டமான பிளேடு மேலே ஒரு கையில் மாட்டியிருக்கும். சட்டத்தைக் கீழே மேடையில் வைத்துப் பிடித்து, கைப்பிடியை அழுத்தினால் பிளேடு சுற்றிக்கொண்டே கீழே இறங்கி அறுக்கும். மேடையைத் திருப்பி 45 டிகிரியில் வைத்தால் சட்டத்தின் முனை சாய்வாக அறுபடும். அப்படி இரண்டு முனை சேர்ந்தால் ஒரு மூலை. நாலு மூலை சேர்ந்தால் ஒரு பிரேம்.

எங்களில் ஒரு தங்கச்சி இந்த மிஷினைச் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் அறுத்தால் மூலையில் நகம் போகாது. அவ்வளவு சுத்தமாக ஒட்டும்.

மிஷினோடு வந்த பிளேடு ஆறு மாதம் உழைத்தது. பிறகு மழுங்கிவிட்டது. புதிது வாங்க நான்தான் கடைக்குப் போனேன். "பத்து இஞ்ச் பிளேடு கொடுங்க. விலை கம்மியா இருக்கட்டும்" என்றேன். கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று 2,300 ரூபாய். இன்னொன்று 650. இரண்டும் வட்டமாகத்தான் இருந்தது. இரண்டும் மினுமினுத்தது. குழுப் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெருமையாக 650 ரூபாய் பிளேடை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்

அந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு 120 பிரேம் ஆர்டர் வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 120 பிரேமுக்கு 480 சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு முனை என்றால் 960 வெட்டு. இரண்டு வாரத்தில் முடித்தாக வேண்டும்.

இரண்டாம் நாளே தங்கச்சி என்னிடம் வந்தாள். "அக்கா, இந்த பிளேடு சரியில்ல. ஓரமெல்லாம் பிசிறு பிசிறா வருது. அறுக்கும்போது மரத்தை வெடுக்குனு இழுக்குது. எனக்கு பயமா இருக்கு" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புது பிளேடுடி அது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஒன்றும் பேசாமல் போய் மிஷின் முன்னால் நின்றுகொண்டாள்.

பிசிறை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்க முனை உருண்டுபோய் மூலையில் சந்து விழுந்தது. சந்தில் பட்டி வைத்து, மேலே வார்னிஷ் அடித்து அனுப்பினோம். 38 பிரேம் திரும்பி வந்தது. "மூலை எல்லாம் வாயைத் திறந்துகிட்டு நிக்குதும்மா" என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே ஒருத்தியைத்தான் பார்த்தோம். "கவனமா அறுத்திருந்தா இப்படி ஆகுமா?", "கடன் தவணையை யார் கட்டுறது?" என்று ஆளுக்கொன்று கேட்டோம். 38 பிரேமுக்கான சரக்குக் காசை அவள் பங்கில் பிடிக்கலாம் என்றுகூட ஒரு பேச்சு வந்தது. நான் தடுக்கவில்லை. மறுநாளில் இருந்து அவள் வேலைக்கு வரவில்லை. அடுத்த வாரம் சந்தாப் பணத்தை மட்டும் மகனிடம் கொடுத்து அனுப்பினாள்.

ஆசாரி அறுத்தும் அதே பிசிறு

மீதி வேலையை முடிக்க எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டோம். 40 வருஷமாகத் தச்சு வேலை செய்கிற ஆசாரி. அவர் வந்து முதல் சட்டத்தை அறுத்தார். எடுத்துப் பார்த்தார். பிசிறு. இரண்டாவது அறுத்தார். அதே பிசிறு.

மிஷினை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளேடில் இருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "ஏம்மா, இது பலகையை நீளவாக்குல கிழிக்கிற பிளேடு. 24 பல்லு. பிரேம் மூலை அறுக்க இதை யாரு வாங்கினது?" என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவர் வீட்டில் இருந்து 80 பல் பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். எங்கள் மிஷினுக்குப் பொருந்துகிறதா, அதன் வேகத்தைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டினார். அதே மரம், அதே மிஷின், அதே கை. வெட்டிய முகத்தை விரலால் தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் போட்ட மாதிரி இருந்தது.

கூடம் நிஜமாகவே கோணலாகத்தான் இருந்திருக்கிறது. ஆடத் தெரிந்தவளை நாங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அன்று சாயங்காலமே நாலு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். நான் அந்த இரண்டு வெட்டையும் கையில் எடுத்துப் போனேன். காட்டினேன். "தப்பு என் பேர்லதான்" என்று சொன்னேன். அவள் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னப்பவே கேட்டிருந்தா 38 பிரேம் மிச்சமாயிருக்கும்ல அக்கா" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் கழித்து வந்தாள். வரும்போதே ஒரு நிபந்தனை போட்டாள். "இனிமே பிளேடு வாங்க நானும் கடைக்கு வருவேன்." அதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

பிளேடு வாங்கும்போது என்ன பார்ப்பது?

ஆசாரியிடமும், நல்ல கடை ஒன்றிலும், மிஷினோடு வந்த புத்தகத்திலும் நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, அளவும் துளையும். பிளேடின் குறுக்களவு மிஷினுக்குச் சொன்ன அளவாக இருக்க வேண்டும். பத்து இஞ்ச் என்றால் 254 அல்லது 255 மி.மீ. என்று போட்டிருக்கும். நடுத் துளை 25.4 மி.மீ., 30 மி.மீ. என்று பல அளவில் வருகிறது. மிஷின் புத்தகத்தைப் பார்த்து அதே அளவு கேளுங்கள். துளை பெரிதாக இருந்தால் அதற்கென்று செய்த வளையம் போடலாம். டேப் சுற்றி, தகரம் மடித்து வைத்து மாட்டவே கூடாது. பிளேடு நடுவில் உட்காராமல் ஆடும். வெட்டும் கெடும், ஆளுக்கும் ஆபத்து.

இரண்டாவது, வேகம். பிளேடின் மேல் அதிகபட்சச் சுற்று என்று ஒரு எண் இருக்கும். அது மிஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். எங்கள் மிஷின் நிமிடத்துக்கு 4,800 சுற்று. அந்த வேகத்தில் பத்து இஞ்ச் பிளேடின் ஓரம் மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதைத் தாங்காத பிளேடு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்பி தேய்க்கிற சின்ன ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டிப் பலர் வேலை செய்கிறார்கள். அந்த மிஷின் 11,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும். பல் மரத்தில் கவ்வினால் மிஷின் கையை விட்டு எகிறும். மறைப்பும் அதற்குப் பொருந்தாது. தயவு செய்து அதை யாரும் செய்யாதீர்கள். செய்கிறவர்களைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பல் எத்தனை. மரம் என்பது நார்க்கட்டு. முருங்கைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் கிழிப்பது ஒரு வேலை. குறுக்கே நறுக்குவது வேறு வேலை. நீளவாக்கில் கிழிக்க 24 பல் போதும். பல்லுக்கு நடுவில் பெரிய இடைவெளி இருக்கும், தூள் வெளியே வரும், வேகமாகப் போகும். பிரேம் மூலை அறுப்பது குறுக்கு வெட்டு. அதற்குப் பல் அதிகம் வேண்டும். 24 பல் பிளேடு எங்கள் மிஷினில் ஒரு நிமிடத்தில் 1,15,200 கடி கடிக்கிறது. 80 பல் பிளேடு 3,84,000 கடி. கடி சின்னதாக ஆக ஆக நார் பிய்யாது, அறுபடும்.

பத்து இஞ்ச் மிஷினுக்கு, பொது வேலைக்கு 40 பல், சுத்தமான குறுக்கு வெட்டுக்கு 60, பிரேம் மூலைக்கு 80 என்று வைத்துக்கொள்ளலாம். பிரேம் வேலைக்கென்றே 100 பல்லும் வருகிறது. பல் அதிகம் என்றால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம். தடிமனான கட்டையை 80 பல்லில் அறுத்தால் தூள் அடைத்து, சூடேறி, மரம் கருகும். நாங்கள் இப்போது இரண்டு பிளேடு வைத்திருக்கிறோம். நீளச் சட்டத்தைத் துண்டு போட 40 பல். கடைசி மூலை வெட்டுக்கு மட்டும் 80 பல்.

நாலாவது, பல்லின் முனை. பல்லைக் கண் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பல் இடது பக்கம் சாய்வாகவும், அடுத்தது வலது பக்கம் சாய்வாகவும் மாறி மாறித் தீட்டியிருந்தால் அதை ஏ.டி.பி. என்பார்கள். கத்தி முனை போல இரண்டு ஓரத்து நாரையும் அறுத்துக்கொண்டு போகும். மரச் சட்டத்துக்கு அதுதான் வேண்டும். முனை உளி போலத் தட்டையாக இருந்தால் அது நீளவாக்கில் கிழிக்கிற பிளேடு. நான் வாங்கியது அதுதான். டி.சி.ஜி. என்று இன்னொன்று உண்டு. அலுமினியம், எம்.டி.எஃப்., மைக்கா ஒட்டிய பலகைக்கு ஏற்றது. அலுமினியச் சட்டம் அறுக்கிறவர்கள் அதற்கென்று உள்ள பிளேடையே கேட்டு வாங்குங்கள். மர பிளேடில் அறுக்காதீர்கள்.

ஐந்தாவது, பல் எந்தப் பக்கம் குனிந்திருக்கிறது. கடையில் இதை ஹூக் என்று சொல்வார்கள். கிழிக்கிற பிளேடில் பல் 20 டிகிரி வரை முன்னால் குனிந்திருக்கும். மேசை மிஷினில் பலகையை நாம் தள்ளும்போது அது உதவும். மைட்டர் சாவில் பிளேடுதான் மேலே இருந்து இறங்குகிறது. பல் குனிந்திருந்தால் மரத்தைக் கவ்வி வெடுக்கென்று இழுக்கும். தங்கச்சி பயந்தாளே, அதற்குக் காரணம் இதுதான். மைட்டர் சாவுக்குப் பல் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். அல்லது கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். அட்டையில் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 டிகிரி வரை போட்டிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஆறாவது, தடிமன். பல் அறுத்துக்கொண்டு போகும் கோட்டின் அகலம் மெல்லிய பிளேடில் இரண்டரை மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். தடித்ததில் 3 மி.மீ.க்கு மேல். மெல்லியது மரத்தைக் குறைவாகத் தின்னும், சின்ன மோட்டாருக்கும் சுலபம். ஆனால் தகடு மட்டமாக இருந்தால் சாய்வு வெட்டில் வளைந்து கொடுக்கும். வெட்டு முகம் நேராக வராது. மூலையில் சந்து விழும். மிஷினுக்கு வலு இருந்தால் தடித்த தகடு நல்லது. மெல்லியது வாங்கினால் தரமான தகடாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏழாவது, செய்நேர்த்தி. பல்லின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு என்ற கடினமான துண்டை ஒட்டியிருப்பார்கள். பிளேடில் டி.சி.டி. என்று போட்டிருக்கும். எல்லாத் துண்டும் ஒரே அளவாக, கனமாக இருக்கிறதா? ஒட்டிய இடத்தில் ஊசித் துளை, சந்து இருக்கிறதா? கனமாக இருந்தால் பல முறை சாணை பிடிக்கலாம். சின்னத் துண்டாக இருந்தால் ஒரு முறைக்கே கரைந்துபோகும். தகட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். நல்ல பிளேடில் அளவு, துளை, பல், தடிமன், சுற்று எல்லாம் தகட்டிலேயே பதித்திருப்பார்கள். ஈ.என். 847-1 என்று இருந்தால், ஐரோப்பாவின் பாதுகாப்புத் தரத்தின்படி செய்தது என்று அர்த்தம். ஒன்றுமே எழுதாத பிளேடை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

650 பெரிதா, 2,300 பெரிதா?

திரும்பி வந்த 38 பிரேமில் சரக்கு மட்டும் ஒன்றுக்கு 90 ரூபாய் என்று வைத்தாலே 3,420 ரூபாய். உப்புத்தாள், பட்டி, போக்குவரத்து, எங்கள் கூலி எல்லாம் தனி. 1,650 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் விட்டோம். நல்ல பிளேடை இதுவரை இரண்டு தடவை சாணை பிடித்துவிட்டோம். ஒரு தடவைக்கு 350 ரூபாய் ஆனது. இன்னும் உழைக்கிறது. கார்பைடு பல்லைச் சாதாரணச் சாணைக் கல்லில் பிடிக்க முடியாது. வைரத்தூள் சக்கரம் உள்ள பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.

கடைக்காரர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். நான் அவரிடம் விலையைத்தான் கேட்டேன். வேலையைச் சொல்லவில்லை. என்ன மரம், என்ன வெட்டு, என்ன மிஷின் என்று மூன்றும் சொல்லிக் கேட்டிருந்தால் அவரே வேறு பிளேடை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

எல்லாப் பழியும் பிளேடுக்கா?

எதற்கெடுத்தாலும் பிளேடைக் குறை சொல்வதும் தப்பு. முதலில் மிஷினின் கோணத்தைப் பாருங்கள். இரண்டு துண்டை 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்து, மூலைமட்டத்தை வையுங்கள். சரியாக உட்கார வேண்டும். ஒரு வெட்டில் அரை டிகிரி பிசகினால், எட்டு வெட்டில் நாலு டிகிரி ஆகும். மூன்று மூலை ஒட்டி, நாலாவது மூலை வாயைத் திறக்கும். எதிர் எதிர்ச் சட்டம் இரண்டும் ஒரே நீளமா என்றும் பாருங்கள்.

கோணமும் நீளமும் சரியாக இருந்து, ஓரம் மட்டும் பிய்ந்தால் பிளேடைச் சந்தேகப்படலாம். வெட்டு கருகினாலும், கையை அதிகம் அழுத்த வேண்டியிருந்தாலும், சத்தம் மாறினாலும் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அல்லது பிசின் படிந்திருக்கும். ஒயரைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றி, சோப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே துடைத்துக் காயவையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும்.

மாட்டும்போது பிளேடில் உள்ள அம்புக்குறியும் மிஷின் மறைப்பில் உள்ள அம்புக்குறியும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். பெரும்பாலான மைட்டர் சாவில் நடு போல்ட் எதிர்ப்பக்கமாகத் திருகும். தெரியாமல் பலம் கொடுத்து உடைத்துவிடாதீர்கள்.

அறுக்கும்போது பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே இறக்குங்கள். அவசரப்படாமல் இறக்குங்கள். வெட்டி முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகே மேலே தூக்குங்கள். சுற்றும்போது தூக்கினால் அழகாக வெட்டியதைப் பின்பக்கப் பல் கெடுத்துவிடும். சட்டத்துக்குப் பின்னால் ஒரு வேண்டாத மரத்துண்டை அணைத்து வைத்தால் பின் ஓரமும் பிய்யாது. பழைய மரமாக இருந்தால் காந்தத்தை ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஆணி போதும், 2,300 ரூபாய் போய்விடும்.

புடவை, வளையல், சங்கிலி

மிஷின் முன்னால் நிற்கும் எல்லாருக்கும் எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு. முந்தானையை இழுத்துச் செருகி, மேலே ஒரு சட்டை போட வேண்டும். துப்பட்டா கூடாது. பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட வேண்டும். வளையலைக் கழற்ற வேண்டும். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் போட வேண்டும். கையுறை வேண்டாம், பல் அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். கை பிளேடில் இருந்து அரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மறைப்பை யாரும் கழற்றவோ, கயிற்றால் கட்டித் தூக்கி வைக்கவோ கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

மூக்குக்கு மாஸ்க்கும் கட்டாயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்திருக்கிறது. சுத்தமான தூள் என்று ஒன்று கிடையாது. முந்தானையை மூக்கில் கட்டினால் போதாது. என்-95 மாஸ்க் போடுங்கள். குழந்தைகளை அறுக்கிற இடத்தில் விளையாட விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று

இரண்டாவது தடவை கடைக்குப் போனபோது தங்கச்சியும் வந்தாள். "எண்பது பல், ஏ.டி.பி., துளை 25.4, ஹூக் நேரா இருக்கணும், 4,800 சுற்றுக்கு மேல தாங்கணும்" என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைப் பையன் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாக்கா?" என்று கேட்டான். "மிஷின் ஓட்டுறது நான்தான் தம்பி. எங்கிட்டயே காட்டு" என்றாள். பிளேடை வாங்கி, அட்டையைப் பிரித்து, ஸ்கேலை நிறுத்திப் பார்த்தாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்து, வேறு ஒன்று எடுத்துக்கொண்டாள். அதற்குள் உள்ளே இருந்து முதலாளியே எழுந்து வந்துவிட்டார்.

ரம்பம் ஆண்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஷேக்கர்கள் என்ற ஒரு சமூகத்தில் தபிதா பாபிட் என்ற பெண் இருந்தார். இரண்டு பேர் கை ரம்பத்தை முன்னும் பின்னும் இழுத்து அறுப்பதைப் பார்த்து, பாதி உழைப்பு வீணாகிறதே என்று யோசித்து, 1813 வாக்கில் வட்ட ரம்பத்தைச் செய்தார் என்று அந்தச் சமூகத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1777-லேயே சாமுவேல் மில்லர் என்பவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார், அதனால் முதலில் செய்தவர் அந்த அம்மாதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ரம்பத்தைப் பற்றி யோசித்த பெண் 200 வருஷத்துக்கு முன்னாலேயே இருந்தார் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அக்கா தங்கைகளே, ஊறுகாய் போடுகிற குழுவில் மூடி சரியில்லாமல் ஊறுகாய் கெடலாம். தையல் குழுவில் ஊசி சரியில்லாமல் நூல் அறுந்துகொண்டே இருக்கலாம். அங்கேயும் ஒருத்தி வந்து, "அக்கா, இது சரியில்ல" என்று சொல்வாள். தினமும் அந்தப் பொருளைத் தொடுகிறவளுக்குத்தான் அது முதலில் தெரியும். அவள் சொல்லும்போது சிரிக்காமல், ஒரு நிமிஷம் மிஷினை நிறுத்தி, அவள் காட்டுவதைப் பாருங்கள். எங்கள் குழு இதை 38 பிரேம் கொடுத்துக் கற்றுக்கொண்டது. நீங்கள் சும்மா கற்றுக்கொள்ளலாம்.

அந்தப் பள்ளிக்கூடம் அடுத்த வருஷமும் எங்களிடமே ஆர்டர் கொடுத்தது. 150 பிரேம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அறுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள், வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள்.



கடைக்குப் போகும் முன் குறித்துக்கொள்ள:

1. எங்கள் மிஷினின் பிளேடு அளவு, துளை அளவு, சுற்று வேகம் எவ்வளவு?
2. எதை அறுக்கப் போகிறோம்: மரமா, எம்.டி.எஃப். பலகையா, அலுமினியமா?
3. எப்படி அறுக்கப் போகிறோம்: நீளவாக்கிலா, குறுக்கேயா, 45 டிகிரி மூலையா?
4. எத்தனை பல்? பல் முனை ஏ.டி.பி.யா, டி.சி.ஜி.யா? ஹூக் எத்தனை டிகிரி?
5. தகடு நேராக இருக்கிறதா? கார்பைடு துண்டு கனமாக இருக்கிறதா? விவரம் பதித்திருக்கிறதா?
6. சாணை பிடிக்க எங்கே கொடுப்பது?
7. மிஷின் ஓட்டும் உறுப்பினர் கூட வருகிறாரா?